டெல்டா ஊர்களில் வயிற்று ஸ்கேன்: எந்த வலிக்குக் கைகொடுக்கும்?

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊரிலும் ஸ்கேன் சென்டருக்குப் பஞ்சமில்லை. இருபது வயதுப் பிள்ளைக்கு அடிவயிறும் இடுப்பும் சேர்ந்து வலித்தால், வாயுப் பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிட்டு நேரே அங்கேதான் கூட்டிப் போகிறார்கள். அங்கே எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் நல்லதுதான், கதிர்வீச்சு கிடையாது. ஆனால் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல், யூரின் டெஸ்ட் இல்லாமல் எடுக்கும் ஸ்கேனில் பாதிப் பயன்தான்.

கல் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். சிறுநீரகத்துக்குள் கிடக்கும் கல், சிறுநீரக வீக்கம் இரண்டும் பெரும்பாலும் தெரிந்துவிடும். விலாவில் பிடித்துக் கவட்டை வரை இழுக்கும் வலி, கல் சிறுநீர்க்குழாயில் இறங்கும்போது வருவது. அங்கேதான் ஸ்கேன் தடுமாறும். ரிப்போர்ட்டில் 'பவல் கேஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். குடல் காற்று மறைத்துவிட்டது என்று அர்த்தம், கல் இல்லை என்றல்ல. அப்போது காண்ட்ராஸ்ட் (சாய மருந்து) போடாத சிடி கேயூபி, அதாவது சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பைக்கான சிடி ஸ்கேன் எடுத்தால் 2, 3 மி.மீ. கல்கூடச் சிக்கும். 5 மி.மீ.க்குக் குறைந்தவை பெரும்பாலும் தானே வெளியேறும். கல்லோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். பால் டீ குடித்தாலே பித்தப்பை சுருங்கிவிடும். ஒரு மணி நேரம் முன்பு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொள்ளுங்கள். உயிர் போகிற வலி என்றால் இதெல்லாம் பார்க்காமல் கிளம்புங்கள்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றில் போய் நிற்கும் வலி அப்பெண்டிக்ஸாக (குடல்வால் வீக்கம்) இருக்கலாம். அழுத்தினாலும் நசுங்காத, 6 மி.மீ.க்கு மேல் தடித்த குழாய் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். அது குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் வலி முதுகுப் பக்கம் போகும், ஸ்கேனிலும் தப்பிவிடும். ஆகவே 'தெரியவில்லை' என்ற ரிப்போர்ட்டை 'நார்மல்' என்று படிக்காதீர்கள்.

பெண்களுக்கு யூரின் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் கரு தங்கும் குழாய்க் கர்ப்பம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. பையன்கள் வெட்கப்பட்டு 'வயிற்று வலி' என்று மட்டும் சொல்வார்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் வேண்டும். அங்கே வலியா என்று கேட்டே ஆகவேண்டும்.

மூட்டை தூக்கிய பிறகு, குனிந்தால் மட்டும் வலிக்கும் இடுப்புக்கு இந்த ஸ்கேன் காசுக்குக் கேடு. மூன்று மாதமாகக் காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, நடமாடினால் குறைகிறது என்றால் முதுகுத்தண்டு அழற்சியா என்று மூட்டுவாத டாக்டரிடம் காட்டுங்கள்.