பிட் ஒப்பீடா, ஹிஸ்டோகிராமா, கற்றைத் தரவா: துகள் சிமுலேஷனின் புதுப் பதிப்பை எதை வைத்து ஏற்பது?

துகள்கள் பொருளுக்குள் போகும்போது நடப்பதைக் கணிக்கும் மென்பொருளான ஜியான்ட்4-க்கு ஆண்டுதோறும் டிசம்பரில் ஒரு புதுப் பதிப்பு வந்துவிடும். ஜூனில் அதன் பீட்டா. இடையில் திருத்தப் பதிப்புகள் வேறு. ஒரு டிடெக்டரின் சிமுலேஷனை அதன்மேல் கட்டி வைத்திருக்கும் குழு ஒவ்வொரு முறையும் அதே கேள்வியில் வந்து நிற்கும்: மாறலாமா, பழையதிலேயே இருக்கலாமா? கோடிக்கணக்கான நிகழ்வுகளை (ஒரு முதன்மைத் துகளோ மோதலோ உண்டாக்கும் எல்லாம் சேர்ந்து ஒரு நிகழ்வு) ஓட்டி முடித்த பிறகு தவறு தெரிந்தால் அத்தனை கணினி நேரமும் வீண்.

சரிபார்க்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. சமவாய்ப்பு எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை ஒன்றாகவே வைத்துப் பழையதையும் புதியதையும் ஓட்டி, விடை கடைசி பிட் வரை ஒன்றா என்று பார்ப்பது ஒன்று. இரண்டையும் பெரிய அளவில் ஓட்டி ஹிஸ்டோகிராம்களைப் புள்ளியியல் முறையில் ஒப்பிடுவது இன்னொன்று. உண்மையான துகள் கற்றையில் அளந்த தரவோடு வைத்துப் பார்ப்பது மூன்றாவது. நிமிடக் கணக்கில் முடிவது முதல் வழி. நாள் கணக்கு இரண்டாவது. வாரக் கணக்கு மூன்றாவது. மலிவானதை முதலில் ஓட்டலாம், ஆனால் அதை மட்டும் நம்பி ஒப்புதல் கொடுக்கக் கூடாது.

பிட் ஒப்பீடு: கண்டிப்பானது, குறுகியது

இயற்பியலைத் தொடாத மாற்றங்களுக்கே இது. நிரலை ஒழுங்குபடுத்தியது, வடிவியல் கோப்பை இடம் மாற்றியது, கண்காணிப்புக்கு நாலு வரி சேர்த்தது, இணையாக ஓடும் திரெட்களின் எண்ணிக்கையைக் கூட்டியது. நூறு நிகழ்வு போதும். ஒவ்வொரு துகளின் தடத்திலும் (சிமுலேஷன் துகளைச் சிறு அடிகளாக நகர்த்துகிறது) ஒவ்வொரு அடியிலும் ஆற்றல், இடம், நடந்த வினையின் பெயர் மூன்றையும் முழுத் துல்லியத்தில் எழுதி வைத்து ஒப்பிட வேண்டும். முதலில் வேறுபடும் அடி எதுவோ அதிலேயே பெரும்பாலும் காரணமும் இருக்கும். ரூட் (துகள் இயற்பியலின் தரவுப் பகுப்பாய்வு மென்பொருள்) கோப்புகளை அப்படியே ஹாஷ் எடுத்து ஒப்பிட்டால் எப்போதும் வேறுபாடுதான் வரும். உருவான நேரமும் தனி அடையாள எண்ணும் கோப்புக்குள்ளேயே எழுதப்படுகின்றன. உள்ளடக்கத்தை எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இதன் உண்மையான பயன் நிகழ்வுகளின் தனித்தன்மையைச் சோதிப்பதில் இருக்கிறது. ஒன்று முதல் நூறு வரை ஓட்டுங்கள். பிறகு 57-ஆம் நிகழ்வை மட்டும், அதே விதை எண்ணோடு தனியாக ஓட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், முந்தைய நிகழ்வின் எச்சம் எங்கோ நினைவகத்தில் தங்கியிருக்கிறது. தொடக்க மதிப்பு கொடுக்காத மாறி, முந்தைய ஆற்றலுக்குக் கணக்கிட்டு வைத்த குறுக்குவெட்டை (வினை நடக்கும் வாய்ப்பின் அளவு) இப்போதும் பயன்படுத்தும் நிரல், அழிக்காத எண்ணி: வழக்கமான குற்றவாளிகள் இவைதான். பல திரெட்களில் ஓடும்போது (ஜியான்ட்4-இல் 2013-இன் 10.0 பதிப்பிலிருந்து இது உண்டு) தலைமைத் திரெட்தான் ஒவ்வொரு நிகழ்வுக்கும் விதை எண் கொடுக்கிறது. ஆகவே 1 திரெட்டில் ஓடினாலும் 16 திரெட்டில் ஓடினாலும் 57-ஆம் நிகழ்வு ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். ஹிஸ்டோகிராம் ஒப்பீட்டில் இந்த வகைப் பிழை கண்ணிலேயே படாது.

இனி இது ஏமாற்றும் இடம். கம்பைலரையோ இயங்குதளத்தையோ மாற்றினால் பிட் ஒப்பீடு தோற்கும், அதில் பிழை ஏதும் இல்லாமலே தோற்கும். பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் முடித்து, ஒரே ஒரு தடவை முழுமையாக்கும் எஃப்எம்ஏ வசதியை 64-பிட் ஆர்ம் பிராசசர்களுக்கு ஜிசிசி கம்பைலர் தானாகவே பயன்படுத்தும். சாதாரண 64-பிட் எக்ஸ்86 இலக்குக்குப் பயன்படுத்தாது. கணித நூலகமும் ஒரு காரணம். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின், 2018-இல் வந்த 2.28 பதிப்பில் அடுக்குக்குறி, மடக்கைச் சார்புகள் புதிதாக எழுதப்பட்டன. போதாக்குறைக்கு, ஓடும் பிராசசரைப் பார்த்து எஃப்எம்ஏ உள்ள வடிவமா இல்லாததா என்று ஜிலிப்சி ஓடும்போதுதான் தேர்ந்தெடுக்கிறது. அதாவது ஒரே பைனரி, இரண்டு தலைமுறைப் பிராசசர்களில் இரண்டு விடை தரலாம்.

கடைசி பிட்டில் ஒரு வேறுபாடு என்ன செய்துவிடும்? ஓர் எலக்ட்ரானின் அடி நீளம் கடைசி இலக்கத்தில் மாறுகிறது. அடுத்த அடுக்கின் எல்லையை அது ஒரு முறை தொட்டது, மறுமுறை தொடவில்லை. தொட்ட ஓட்டத்தில் ஒரு சமவாய்ப்பு எண் கூடுதலாகச் செலவாகிறது. அந்தப் புள்ளிக்குப் பிறகு அந்த நிகழ்வில் வரும் எல்லா எண்களும் ஓரிடம் தள்ளிப்போகின்றன. மீதிச் சாரல் (ஒரு துகளிலிருந்து பெருகும் துகள்களின் கூட்டம்) முழுக்க வேறாகிவிடுகிறது. இரண்டுமே சரியான சாரல்கள்தான். இந்த நிலையில் பிட் ஒப்பீட்டைப் பிடித்துத் தொங்குவதில் பயனில்லை, அடுத்த வழிக்குப் போக வேண்டியதுதான். எல்லா இயந்திரத்திலும் பிட் ஒத்துப்போயே ஆக வேண்டும் என்றால் எஃப்எம்ஏவை அனுமதிக்கும் எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட் என்ற கம்பைலர் கொடியை ஆஃப் செய்து, கணித நூலகத்தையும் கூடவே கட்டி அனுப்ப வேண்டும். வேகத்தில் விலை கொடுக்க நேரிடும்.

ஹிஸ்டோகிராம் ஒப்பீடு: உழைப்பு முழுக்க இங்கேதான், தவறும் இங்கேதான்

முதலில் எத்தனை நிகழ்வு என்று முடிவு செய்ய வேண்டும். வழக்கம்போல பத்தாயிரம் என்று எழுதிவிடுவதில் அர்த்தமில்லை. துகளின் ஆற்றலை அளக்கும் கலோரிமீட்டரின் ஆற்றல் பிரிதிறன் (ஒற்றை அளவீடுகளின் சிதறல்) 10 சதவீதம் என்றால், 10,000 நிகழ்வில் சராசரியின் பிழை 0.1 சதவீதம், பழையது, புதியது இரண்டின் வித்தியாசத்தின் பிழை 0.14 சதவீதம். அரை சதவீத நகர்வு மூன்றரை சிக்மாவில், அதாவது பிழையின் மூன்றரை மடங்காக, தெரிந்துவிடும். 0.1 சதவீத நகர்வை ஐந்து சிக்மாவில் பார்க்க வேண்டும் என்றால் ஒவ்வொரு பக்கமும் 5 லட்சம் நிகழ்வு வேண்டும். எந்த அளவு நகர்வு உங்கள் பகுப்பாய்வைப் பாதிக்கும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பழைய பதிப்பின் மாதிரியை ஒரே ஒரு முறை பத்து மடங்கு பெரிதாக ஓட்டி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஒப்பீட்டிலும் பிழையின் பெருக்கம் 1.41-இலிருந்து 1.05-ஆகக் குறையும். ஆரம்பத்தில் வலிக்கும் செலவு, அடுத்தடுத்த ஒப்பீடுகளில் திரும்பி வரும்.

எந்தச் சோதனை? இரண்டு பரவல்கள் ஒன்றா என்று பார்க்கும் கோல்மோகோரோவ்–ஸ்மிர்னோவ் சோதனையை ரூட்டில் ஒரே வரியில் அழைக்கலாம் என்பதால் பலரும் அதையே போடுகிறார்கள். கட்டங்களாகப் பிரித்த ஹிஸ்டோகிராமுக்கு அது தரும் பி-மதிப்பு (வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக வரும். எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். கை-வர்க்கச் சோதனையில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் எடையிட்ட ஹிஸ்டோகிராமா எடையிடாததா என்று அதற்குச் சரியாகச் சொல்ல வேண்டும், காலியான வால் கட்டங்களை ஒன்றுசேர்க்க வேண்டும். எங்கள் தேர்வு கை-வர்க்கம்தான். வாலில் நம்பிக்கை இல்லாத இடத்தில் மட்டும் கட்டமிடாத மதிப்புகளின் மேல் கோல்மோகோரோவ்.

இதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. ஒரு நிகழ்வில் ஒரே ஒரு மதிப்பை நிரப்பும் ஹிஸ்டோகிராமும், ஒரு நிகழ்வின் எல்லாப் பதிவுகளையும் (டிடெக்டரில் ஆற்றல் விழுந்த ஒவ்வோர் இடமும் ஒரு பதிவு) கொட்டும் ஹிஸ்டோகிராமும் ஒன்றல்ல. ஆயிரம் சாரல்கள், ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் சாரலுக்குச் சராசரியாக 200 பதிவு விழுகிறது, சாரலுக்குச் சாரல் அது 50 வரை ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டத்தில் மொத்தம் 2 லட்சம் பதிவு. வர்க்கமூலம் போட்டு ரூட் சொல்லும் பிழை 0.22 சதவீதம். உண்மையில் பதிவுகள் ஒன்றையொன்று சாராதவை அல்ல, சாரல்கள்தான் அப்படி. உண்மைப் பிழை 50-ஐ ஆயிரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து வருவது, சுமார் 0.8 சதவீதம். கை-வர்க்கத்தில் இந்தக் கட்டத்தின் பங்கு பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஊதிப்போகும். எதுவுமே மாறாத இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டாலும் பக்கம் முழுக்கச் சிவப்பு விளக்கு எரியும். கொஞ்ச நாளில் யாரும் அந்தச் சிவப்பை மதிக்க மாட்டார்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் சராசரி 1 உள்ள பாய்சான் பரவலிலிருந்து ஒரு சமவாய்ப்பு எடை கொடுத்து, நூறு முறை மறுமாதிரி எடுத்துப் பிழையைக் கணக்கிடுவதே மருந்து. கூடவே ஒரு சோதனை: பழைய பதிப்பையே வேறு விதை எண்ணில் ஓட்டி, பழையதோடு ஒப்பிடுங்கள். பி-மதிப்புகள் 0 முதல் 1 வரை சமமாகப் பரவியிருக்க வேண்டும். பரவவில்லை என்றால் சிமுலேஷனைக் குறை சொல்லும் முன் ஒப்பீட்டு நிரலைத் திருத்துங்கள்.

பி-மதிப்புகள் 1-க்குப் பக்கத்தில் குவிந்தாலும் சந்தேகப்படுங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஜெனரேட்டர் கோப்பை உள்ளீடாகக் கொடுத்திருப்பார்கள். முதன்மைத் துகள்கள் ஒன்றே என்பதால் ஏற்ற இறக்கங்களும் சேர்ந்தே நடக்கும். இதை வேண்டுமென்றே செய்து, நிகழ்வுக்கு நிகழ்வு வித்தியாசம் எடுத்தால் மிகச் சிறிய நகர்வும் தெரியும். தெரியாமல் செய்தால் அது வேறுபாட்டை மூடி மறைக்கும்.

2,000 ஹிஸ்டோகிராம்களுக்கு 1 சதவீத வரம்பு வைத்தால், ஒரு குறையும் இல்லாமலே இருபது சிவக்கும். எந்த இருபது என்று பார்ப்பதே திறமை. ஒரே துணைக்கருவியில் ஒரே திசையில் நாலு சிவந்தால் அது செய்தி. அங்கொன்று இங்கொன்று என்றால் விட்டுவிடலாம்.

பட்டியலில் இயற்பியல் அளவுகளை மட்டும் வைக்காதீர்கள். ஒரு நிகழ்வுக்கு எத்தனை அடிகள், எத்தனை இரண்டாம்நிலைத் துகள்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு நினைவகம் என்பவையும் இருக்கட்டும். இரண்டாம்நிலைத் துகள் உருவாக்கத்துக்கான வரம்பு நீளம் (இதைவிடக் குறைவாகவே போகக்கூடிய துகள் தனியாக உருவாக்கப்படாது) ஜியான்ட்4-இல் தானாக 0.7 மி.மீ. யாரோ ஒரு பகுதிக்கு அதை மாற்றிவிட்டால் மொத்த ஆற்றல் அசையாமல் இருக்கலாம். அடி எண்ணிக்கை உடனே காட்டிக்கொடுக்கும்.

கற்றைத் தரவு: எது சரி என்று சொல்லும் ஒரே வழி

முந்தைய இரண்டும் ‘மாறியதா’ என்று மட்டும் சொல்லும். மாறியது நல்லதற்கா கெட்டதற்கா என்பதைத் தரவுதான் சொல்லும். இதில் இரண்டு வகை.

மெல்லிய இலக்குத் தரவில் ஒரே ஒரு மோதல்தான் பார்க்கப்படுகிறது. செர்ன் ஆய்வகத்தில் ஹார்ப் பரிசோதனை 1.5 முதல் 15 ஜிஇவி (ஒரு ஜிஇவி நூறு கோடி எலக்ட்ரான்வோல்ட்) உந்தக் கற்றைகளோடு எடுத்தது, பிறகு என்ஏ61 பரிசோதனை எடுத்தது எல்லாம் இந்த வகை. ஒரு மாடல் (ஒரு வகை மோதலைக் கணக்கிடும் நிரல்) தனியாகச் சரியா என்று இது காட்டும். டிடெக்டரில் என்ன தெரியும் என்று காட்டாது. கலோரிமீட்டர் கற்றைத் தரவு அதற்கு எதிர்ப்பக்கம்: எல்லா மாடல்களும் சேர்ந்து வரும் ஒரே விடை. ஒரு மாடலில் பயான் (மோதலில் பிறக்கும் ஒரு வகைத் துகள்) கூடவும் இன்னொன்றில் நியூட்ரான் குறையவும் இருந்து, இரண்டு தவறும் கழிந்து விடை சரியாக வரலாம். ஒன்றைத் திருத்திய புதுப் பதிப்பில் கலோரிமீட்டர் ஒப்பீடு மோசமாகும். இதைப் பார்த்துத் திருத்தத்தையே திரும்பப் பெறச் சொல்வது பெரும் தவறு. இரண்டு வகைத் தரவும் கையில் இல்லாமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

எந்த ஆற்றல்களில் ஒப்பிடுவது என்பதை பிசிக்ஸ் லிஸ்ட்தான் (எந்த ஆற்றலில் எந்த மாடல் என்ற பட்டியல்) முடிவு செய்கிறது. எஃப்டிஎஃப்பி-பெர்ட் என்ற லிஸ்ட்டில் இப்போது 3 முதல் 6 ஜிஇவி வரை, குறைந்த ஆற்றலுக்கான பெர்டினி மாடலும் உயர் ஆற்றலுக்கான எஃப்டிஎஃப் மாடலும் கலந்து வருகின்றன, நடுவில் 4.5-இல் பாதிக்குப் பாதி. செர்னின் அட்லஸ் பரிசோதனைக் குழுவுக்கென்று அமைந்த வடிவத்தில் அந்தக் கலப்பு 9 முதல் 12 வரை. கியூஜிஎஸ்பி-பெர்ட் என்ற இன்னொரு லிஸ்ட்டில் 12 முதல் 25 வரை இரண்டாவது கலப்பும் உண்டு. ஆகவே 10, 20, 50, 100 என்று வட்டமான ஆற்றல்களில் மட்டும் ஓட்டினால் எஃப்டிஎஃப்பி-பெர்ட்டின் மூட்டு கண்ணில் படாது. 2, 3, 4, 5, 6, 8 என்று நெருக்கிப் புள்ளி வைத்து, வளைவில் முழங்கை மாதிரி மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 20 எம்இவிக்கு (ஒரு எம்இவி பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட்) கீழே நியூட்ரான்கள் முக்கியம் என்றால் (கதிர்வீச்சுப் பின்னணி, காப்புச்சுவர்) குறைந்த ஆற்றல் நியூட்ரான்களைத் துல்லியமாகக் கணக்கிடும் எச்பி மாடல் சேர்ந்த லிஸ்ட்தான் வேண்டும். அது மெதுவானது, ஒற்றை மோதலில் ஆற்றல் சமன்பாடு நூற்றுக்கு நூறு நிற்காது, சராசரியில்தான் நிற்கும். வெறும் ஆற்றல் அளவீட்டுக்கு அதைப் போடுவது வீண்செலவு.

தரவோடு ஒத்துப்போகாதபோது குற்றம் பெரும்பாலும் மாடலில் இருப்பதில்லை. துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் சிண்டிலேட்டரில் அடர்ந்த அயனியாக்கம் ஒளியைக் குறைக்கும் பிர்க்ஸ் விளைவைச் சேர்த்தீர்களா? பாலிஸ்டைரீனுக்கு வழக்கமாக எம்இவிக்கு 0.126 மி.மீ. என்ற மாறிலி போடுவார்கள். மின்னணுவியல் சமிக்ஞையைத் தொகுக்கும் நேரச் சாளரத்துக்குப் பிறகு வரும் தாமத நியூட்ரான்களை சிமுலேஷனும் வெட்டுகிறதா? பயான் கற்றைக்குள் இருந்த எலக்ட்ரான், மியூவான் கலப்படம் கழிக்கப்பட்டதா? சூழல் மாறிகள் இன்னும் பழைய பதிப்பின் தரவுத் தொகுப்பையே சுட்டிக்கொண்டிருக்கின்றனவா? இந்த நாலையும் முடித்துவிட்டுப் பிறகு மாடல் ஆசிரியர்களுக்கு எழுதுங்கள்.

மூன்றையும் எந்த வரிசையில்

கம்பைலர், இயங்குதளம், ஜியான்ட்4 பதிப்பு, வடிவியல், டிஜிட்டாக்கம் (பதிவான ஆற்றலை மின்னணுச் சமிக்ஞையாக மாற்றும் படி). ஒரு சுற்றுக்கு இதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றி 0.4 சதவீத நகர்வு வந்தால், எது செய்தது என்று பிரிக்க இரண்டையும் தனித்தனியாக மறுபடி ஓட்ட வேண்டியதுதான். மிச்சப்படுத்திய நேரம் போய்விடும். ஒப்பிட எடுத்து வைக்கும் ஒவ்வொரு மாதிரியோடும் பதிப்பு எண், கம்பைலர் கொடிகள், தரவுத் தொகுப்புகளின் எண்கள், வடிவியல் குறி, விதை எண் எல்லாம் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். இல்லாத மாதிரி அடுத்த ஆண்டு யாருக்கும் உதவாது.

பிட் மாறி, ஹிஸ்டோகிராம் மாறாமல் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். பிட் மாறாமல் ஹிஸ்டோகிராம் மட்டும் மாறினால் ஒப்பீட்டு நிரலிலோ அதற்குப் பிந்தைய டிஜிட்டாக்கத்திலோ கோளாறு. ஹிஸ்டோகிராம் மாறித் தரவை நெருங்கினால் எல்லாரும் கைதட்டிவிட்டு ஒப்புதல் கொடுத்துவிடுவார்கள். அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆற்றலின் ஒரு பகுதியை மட்டும் பதியும் மாதிரியெடுக்கும் கலோரிமீட்டரில் பதிவான ஆற்றலை உண்மை ஆற்றலாக மாற்றும் பின்னம், பழைய பதிப்பின் எலக்ட்ரான் ஓட்டத்திலிருந்து எடுத்தது. புதுப் பதிப்பில் எலக்ட்ரானின் பதில் 1 சதவீதம் நகர்ந்திருந்தால், பயான் வளைவும் அதே 1 சதவீதம் தள்ளித் தெரியும். பயான் போன்ற துகள்களுக்கான ஹாட்ரான் மாடலில் ஒன்றுமே மாறியிருக்காது. முதலில் புதுப் பதிப்பில் எலக்ட்ரான்களை ஓட்டி அந்தப் பின்னத்தை மறுபடி எடுங்கள், பயான்–எலக்ட்ரான் விகிதத்தை வரையுங்கள், அதற்குப் பிறகும் அந்த நெருக்கம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.