கடற்காற்றில் மூன்றரை ஆண்டுகள்: ஆக்டேவியா ஆர்எஸ் காரின் முன் டிஸ்க்குகளை வீட்டிலேயே மாற்றிய அனுபவம்

என்னுடைய கார் 2005ஆம் ஆண்டின் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 150 குதிரைத்திறன். 2022 பிப்ரவரியில், திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில், அதன் முன் சக்கரங்களோடு சுழலும் இரும்புத் தட்டுகளான பிரேக் டிஸ்க்குகள் இரண்டையும் நானே மாற்றினேன். அதன் பிறகு 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாற்றிய மறுவாரமே எழுதாமல் இவ்வளவு காலம் பொறுத்ததற்குக் காரணம் உண்டு. டிஸ்க் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்பது முதல் நாளில் தெரிவதில்லை.

அதை நான் பட்டுத்தான் அறிந்தேன். அதற்கு முந்தைய முறை ஒரு பட்டறையில் புதிய டிஸ்க் போட்டுக் கொடுத்தார்கள். முதல் சில மாதங்கள் எந்தக் குறையும் இல்லை. ஏறத்தாழ 6,000 கிலோமீட்டரில், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. "டிஸ்க் வளைந்துவிட்டது" என்றார்கள். பெரும்பாலும் நடப்பது அதுவன்று. டிஸ்க் மிகச் சிறிய அளவில் கோணலாகச் சுழன்றால், பிரேக் போடாத நேரத்திலும் அதன் ஒரே பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை (டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டையை) உரசிச் செல்லும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியபின் அந்தப் பகுதி மட்டும் தேய்ந்து, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். அந்த வேறுபாட்டைத்தான் காலும் கையும் நடுக்கமாக உணர்கின்றன.

வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் பழைய டிஸ்க்கைக் காட்டியபோது, அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, டிஸ்க்குல ஒண்ணும் இல்ல, அது உக்கார்ற எடத்தப் பாருங்க" என்றார். டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் ஹப்பின் முகத்தில் துரு செதில் செதிலாகப் படிந்திருந்தது. கடலை ஒட்டிய எங்கள் பகுதியில் இது இயல்பு. ஹப்பில் மயிரிழை அளவே இருக்கும் துரு, டிஸ்க்கின் விளிம்புக்குப் போகும்போது பெருகித் தெரியும். நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை அவரிடமே இரவல் வாங்கினேன். வாஷர் கொடுத்து வீல் போல்ட்டுகளால் புதிய டிஸ்க்கை இறுக்கி அளந்தபோது இடப்பக்கம் 0.14 மில்லிமீட்டர் ஆட்டம் காட்டியது. வயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் கொண்டு ஒரு மணி நேரம் தேய்த்து, உலோகம் வெளுத்துத் தெரிந்த பிறகு அளந்தால் 0.03. இந்த வேலை முழுவதிலும் நான் முக்கியமென்று கருதுவது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

மற்றவை பொறுமையாகச் செய்தால் வரக்கூடியவை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும்; பேடுகளைத் தாங்கி அழுத்தும் காலிப்பரைக் கழற்றியதும் அதன் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்ட வேண்டும்; புதிய டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைப் பிரேக் கிளீனரால் கழுவ வேண்டும்; வீல் போல்ட்டுகளை 120 நியூட்டன் மீட்டருக்கு எதிரெதிராக இறுக்க வேண்டும். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டிப்படும்வரை மிதிப்பதை மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சிறு திருகு துருவேறி இறுகியிருந்ததால், அதைத் துளையிட்டே எடுக்க நேர்ந்தது. புதிய திருகு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைத்தது.

பேடையும் டிஸ்க்கையும் பழக்குவதற்கு, கன்டெய்னர் லாரிகள் குறைவாக இருந்த ஒரு ஞாயிறு விடியலில் எண்ணூர் விரைவுச்சாலைக்குப் போனேன். 60லிருந்து 15 வரை பத்து முறை வேகத்தைக் குறைத்தேன். ஒருமுறைகூட முழுதாக நிறுத்தவில்லை. சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தினால், அதன் பொருள் டிஸ்க்கில் ஒட்டித் திட்டாகிவிடும்.

மழை இரவுக்கு அடுத்த காலையில் டிஸ்க் செம்மண் நிறத்தில் இருக்கும். அது வார்ப்பிரும்பின் இயல்பு. முதல் சில மிதிகளில் போய்விடும், கவலைப்பட ஒன்றுமில்லை. கவலை தந்தது 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் தண்ணீர் ஹப் வரை நின்றது. வடிந்த வாரமே கழற்றிப் பார்த்தேன். காலிப்பர் நகர உதவும் வலப்பக்கக் கைடு பின் ஒன்று இறுகி, உள் பேடு டிஸ்க்கை விடாமல் பிடித்திருந்தது. துருவை எடுத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, பிரேக் ஆயிலையும் புதிதாக மாற்றினேன். டாட் 4 வகை பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை இறங்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு பருவமழை முடிந்ததும் கைடு பின்களைக் கழற்றிப் பார்க்கிறேன். கடற்கரையோரம் வண்டி வைத்திருப்பவர்கள் இதை இன்ஜின் எண்ணெய் மாற்றும் வேலைக்கு நிகராகக் கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டிஸ்க் வாங்கும்போது சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துத் துருத்தடுப்புப் பூச்சுள்ளதை எடுத்ததும் சரியான முடிவே. பேடு படாத நடுப்பகுதி இன்றும் சாம்பல் நிறம் மாறாமல் இருக்கிறது. காற்றுப் போகும் உட்குழாய்களின் ஓரத்தில் மட்டும் லேசான துரு.

சென்ற வாரம் மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் அளந்தேன். புதிதில் 25 மில்லிமீட்டர் இருந்தது இப்போது 24.2, இடத்துக்கு இடம் வேறுபாடு 0.01ஐத் தாண்டவில்லை. 100லிருந்து மிதித்தாலும் ஸ்டீயரிங் அசைவதில்லை. பேடுகள் தேய்ந்துவிட்டதால் அவற்றை மட்டும் அடுத்த மாதம் மாற்றப்போகிறேன். இதே டிஸ்க்குகள் தொடரும்.