சிக்னல் இல்லை: நாமே பார்ப்பதா, பாஸைக் கூப்பிடுவதா, கம்பனிக்குக் கோல் எடுப்பதா?

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருக்கும் பெரியம்மா வீட்டில், போன ஒக்டோபர் இடிமழைக்குப் பிறகு டிவியில் ஒரு சனலும் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி உதவி செய்யும் எண்ணத்தில் மேலே ஏறி டிஷ்ஷை அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்தான். பழுது இருந்ததோ கேபிள் நுனியில். கடைசியில் வந்த, டிஷ் பூட்டித் திருத்தும் பாஸுக்கு கேபிளையும் திருத்தி டிஷ்ஷையும் நேராக்க வேண்டிய நிலை. பெரியம்மா இரண்டு வேலைக்குக் கூலி கொடுத்தார். எந்தப் பழுதை யாரிடம் விடுவது என்று தெரிந்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

நாமே பார்ப்பதில் ஒரு சதமும் செலவில்லை. முதலில், 'நோ சிக்னல்' என்று சொல்வது டிவியா, டிஷ் கேபிள் வந்து சேரும் பெட்டியா என்று கவனியுங்கள். ரிமோட்டில் மெனுவை அழுத்தும்போது பெட்டியின் மெனு வராவிட்டால் டிஷ்ஷுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எச்டிஎம்ஐ வயர் கழன்றிருக்கும், அல்லது டிவி வேறு இன்புட்டில் நிற்கும். மெனு வந்தால், சிக்னல் பக்கத்தில் பலம், தரம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். இரண்டும் பூச்சியம் என்றால் பெரும்பாலும் கேபிள், கேபிள் நுனியிலுள்ள கனெக்டர், அல்லது எல்என்பி, அதாவது டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் சிறு தலை. பலம் இருந்து தரம் மட்டும் இல்லையென்றால் டிஷ் நகர்ந்திருக்கலாம். சில சனல்கள் மட்டும் காணாமல் போனால் வேறு கதை. அலைகளில் நிமிர்ந்து அதிர்பவை, படுத்து அதிர்பவை என்று இரண்டு வகை. எதை எடுப்பது என்பதைப் பெட்டி அதே கேபிள் வழியாக எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் சொல்கிறது. கறள் பிடித்த இணைப்பில் அந்த வோல்ட் குறைந்தால் ஒரு பாதி சனல்கள் போய்விடும்.

மழை கொட்டும்போது படம் உடைந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். டிஷ்ஷுக்கு வரும் கேயூ பட்டை அலைகளைக் கடும் மழை விழுங்கும், மழை விட்டதும் தானாக வரும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் ஒரே நேரத்தில் சில நிமிடம் சிக்னல் போவதும் பழுதில்லை. அப்போது சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது.

கொழும்பில், அதிலும் காலி வீதிக்குக் கடல் பக்கம், நான் முதலில் சந்தேகப்படுவது கனெக்டரைத்தான். பெட்டியின் மின்சாரத்தை முற்றாக நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். வோல்ட் ஓடும்போது நடுக்கம்பி வெளிவலையில் பட்டால் பெட்டியே போகலாம். பெரியம்மா வீட்டில் எல்என்பி பக்கத்துக் கனெக்டரைக் கழற்றியபோது ஒரு சொட்டுத் தண்ணீர் விரலில் விழுந்தது. பளபளக்க வேண்டிய நடுக்கம்பி கறுத்து, வெளிவலையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. களிம்பு ஏறிய அளவுக்கு வெட்டி எறிந்து, நல்ல கம்பி தெரியும்வரை சீவி, புதுக் கனெக்டர் போட வேண்டும். நடுக்கம்பி கனெக்டர் விளிம்புக்கு மேல் ஓரிரு மில்லிமீற்றர் நீண்டால் போதும். வெளிவலையின் ஒரு இழைகூட அதைத் தொடக்கூடாது. கனெக்டரும் ரப்பர் டேப்பும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். எல்என்பி கைக்கெட்டும் பல்கனியில் இருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம். ஓட்டுக்கூரையோ நனைந்த தகரமோ என்றால் ஏறவே வேண்டாம்.

டிஷ்ஷைத் திருப்புவது பாஸுடைய வேலை. 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் விளிம்பு ஒரு சென்ரிமீற்றர் நகர்ந்தாலே பார்வை 2 பாகை விலகிவிடும், சிக்னல் போக அது போதும். கண்ணால் பார்த்து அதைப் பிடிக்க முடியாது. பாஸ் சிக்னல் மீற்றரோடு வருவார், தெரிந்தவர் என்றால் அன்றைக்கே வருவார். மீற்றர் இல்லாமல் வருபவரை நான் டிஷ்ஷில் கை வைக்க விடமாட்டேன். எல்என்பி மாற்றச் சொன்னால், முதலில் இருக்கிற கேபிளிலேயே இன்னொரு எல்என்பியை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பெட்டி, கார்ட், கணக்கு சம்பந்தப்பட்டதென்றால் கம்பனியைத் தவிர வழியில்லை. உத்தரவாதக் காலம் முடியாத டிஷ்ஷில் வெளியாளை விடவும் வேண்டாம். கோல் எடுக்கும்போது அந்த இரண்டு கோடுகளின் எண்களையும் திரையில் வந்த வசனத்தையும் சொன்னால், சரியான சாமானோடு ஆள் வர வாய்ப்பு அதிகம். நாள் எடுக்கலாம், அதற்கு ஆயத்தமாக இருங்கள்.

டிஷ்ஷே வேண்டாம் என்று பியோ டிவிக்கு மாறுபவர்களும் உண்டு. அது தொலைபேசி இணைப்பு வழியாக வருவதால் மழை தொடாது, ஆனால் லைன் போனால் டிவியும் போகும். சக்தியும் வசந்தமும் மட்டும் போதுமென்றால் சாதாரண அன்டெனாவே போதும்.

பாஸ் வந்தால், வேலை முடிந்து ஏணியை மடிக்க முன் ஒன்றைக் கேளுங்கள்: கேபிள் சுவருக்குள் நுழையுமிடத்தில் 'ப' எழுத்துப்போல் கீழே ஒரு தொங்கல் விடச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், கேபிள் வழியாக உள்ளே வராது. பெரியம்மா வீட்டில் அது இல்லாமல்தான் பெட்டிப் பக்கத்துக் கனெக்டரிலும் ஈரம் இருந்தது.