நீலக் கன்னம், ஆரஞ்சுக் கன்னம்: நிறத்திருத்தத்தில் ரிசால்வ், பிரீமியர், ஃபைனல் கட்

ஜன்னலோரம் அமர்ந்து ஒருவர் பேசுகிறார். ஒரு கன்னத்தில் பகல் வெளிச்சம், மறு கன்னத்தில் அறை விளக்கு. ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5600. டங்ஸ்டன் விளக்கு 3200. எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸ் இரண்டில் ஒன்றுக்குத்தான் பொருந்தும். விளக்குக்கு அமைத்தால் ஜன்னல் பக்கம் நீலம் பாய்கிறது. ஜன்னலுக்கு அமைத்தால் மறுபக்கம் ஆரஞ்சாகிறது. நிறத்திருத்தக் கருவிகளை உரசிப் பார்க்க இதுவே நல்ல கல். ஒரே சக்கரத்தைத் திருப்பி முழுப் படத்தையும் சரிசெய்துவிட இதில் வழியே இல்லை.

டாவின்சி ரிசால்வ், அடோபி பிரீமியர் புரோ, ஆப்பிளின் ஃபைனல் கட் புரோ ஆகிய மூன்று வீடியோ எடிட்டிங் மென்பொருள்களிலும் நிறச் சக்கரங்கள் உண்டு, வளைகோடுகள் உண்டு, படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்துத் திருத்த உதவும் மாஸ்க் உண்டு, அளவைக் காட்டும் ஸ்கோப்புகளும் உண்டு. அம்சப் பட்டியலை வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். நான் பார்ப்பது வேறு: செய்த திருத்தங்கள் எந்த வரிசையில் நடக்கின்றன? அந்த வரிசையை என்னால் கண்ணால் பார்த்து மாற்ற முடிகிறதா?

இதில் ரிசால்வுக்கு நிகரில்லை. டாவின்சி சிஸ்டம்ஸ் நிறுவனத்தை 2009-இல் பிளாக்மேஜிக் டிசைன் வாங்கியது. அதற்கு முன்பே அது நிறத்திருத்தத்துக்கென்றே பெயர்பெற்ற நிறுவனம். எடிட்டிங் பின்னால்தான் வந்து சேர்ந்தது. அந்த வரலாறு கலர் பக்கத்தைத் திறந்ததுமே தெரியும். ஒவ்வொரு திருத்தமும் ஒரு நோட், அதாவது திரையில் ஒரு சிறு பெட்டி. நோட்டுகளைக் கோட்டால் இணைக்கிறோம். நம் ஜன்னல் காட்சியில் முதல் நோட்டில் வெளிச்சத்தைச் சமன்செய்வேன். இரண்டாவதில் நீலக் கன்னத்தைச் சுற்றி ஒரு பவர் விண்டோ (ரிசால்வின் மாஸ்க்) வரைந்து, ஓரத்தை நன்றாக மென்மையாக்கி, டிராக்கரை ஓடவிடுவேன். அவர் தலையைத் திருப்பினால் விண்டோவும் சேர்ந்தே நகரும். மூன்றாவதில் ஆரஞ்சுப் பக்கம். ஏதோ பிசகியது என்று தோன்றினால் ஒவ்வொரு நோட்டாக அணைத்துப் பார்த்தால் போதும். குற்றவாளி உடனே அகப்பட்டுவிடும். நீலத்தை முழுதாகத் துடைத்துவிடவும் மாட்டேன். அருகில் ஜன்னல் இருக்கிறது என்று பார்ப்பவருக்குச் சொல்வதே அந்த மிச்ச நீலம்தான்.

குறைகளும் உண்டு. கிராஃபிக்ஸ் அட்டை வலுவாக இல்லாத கணினியில் ரிசால்வ் திணறும். இலவசப் பதிப்பே பெரும்பாலான வேலைக்குப் போதும் என்றாலும், படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை நீக்கும் வசதியும், ஆளைத் தானே கண்டு பிரிக்கும் மேஜிக் மாஸ்க்கும் கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவில்தான் கிடைக்கும். இருட்டில் படமெடுப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது.

பிரீமியரில் நிறத்திருத்தத்துக்கான லுமெட்ரி பேனல் 2015-இல் வந்தது. ஷாட்டுகளை அடுக்கும் டைம்லைனை விட்டு நகராமலேயே நிறத்தைத் தொடலாம் என்பது அதன் பெரிய வசதி. அவசரமாக முடிக்கவேண்டிய வேலையில் இதன் அருமை தெரியும். அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் ஒரு திருத்தத்தைப் போட்டு இருபது ஷாட்டுகளின் மேல் விரித்துவிடலாம். ஆனால் லுமெட்ரிக்குள் வரிசை அதன் இஷ்டப்படிதான்: பேசிக், கிரியேட்டிவ் என மேலிருந்து கீழே இறங்கும்; நாம் மாற்ற முடியாது.

இதை நான் ஒரு மாலைப் பொழுதைக் கொடுத்துக் கற்றேன். லாக் முறையில், அதாவது பிரகாச விவரங்களைக் காப்பதற்காக வெளிறிய தோற்றத்தில், எடுத்த காட்சி. அதை இயல்பான நிறத்துக்கு மாற்றும், கேமராவுக்கான லட் (LUT) கோப்பை பேசிக் பகுதியின் இன்புட் லட்டில் ஏற்றினேன். வானம் வெளுத்துப் போனது. ஹைலைட்ஸை, அதாவது பிரகாசமான பகுதிகளைக் குறைத்தேன், மேகம் வரவில்லை, வெள்ளைதான் சாம்பலாக மாறியது. காரணம் எளிது: அங்கே லட் முதலில் வேலைசெய்து பிரகாசத்தை வெட்டிவிடுகிறது, மொத்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் அதற்குப் பிறகுதான் வருகிறது. வெட்டியதை எப்படி மீட்பது? அதே லட்டை கிரியேட்டிவ் பகுதியின் லுக் இடத்துக்கு மாற்றி, பேசிக்கில் எக்ஸ்போஷரை இறக்கினேன். மேகத்தின் ஓரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ரிசால்வில் இதே தவறு நேர்ந்திருந்தால், லட் எந்த நோட்டில் நிற்கிறது என்று பார்த்தவுடனே புரிந்திருக்கும்.

லுமெட்ரியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரிசையை நாமே அமைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் நான்கைந்து சேர்ந்துவிட்டால் எதற்குள் என்ன செய்தோம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டியிருக்கும்.

கணினிகளில் ஃபைனல் கட் மேக்கில் மட்டுமே இயங்கும். 2011-இல் வந்த பதிப்பு நிறச் சக்கரங்களை விட்டுவிட்டு, நிறப் பலகையில் புள்ளிகளை நகர்த்தும் கலர் போர்டைக் கொண்டுவந்தது. பழகிய கைகளுக்கு அது அந்நியமாகவே இருந்தது. சக்கரங்களும் வளைகோடுகளும் 2017 டிசம்பரில் 10.4 பதிப்பில்தான் வந்தன. எனக்கு இதில் மிகவும் பிடித்தது மாஸ்க். ஒரே திருத்தத்தில் மாஸ்க்குக்கு உள்ளே ஒரு நிறம், வெளியே வேறொரு நிறம் என்று அமைக்கலாம். நம் இரு கன்னக் காட்சிக்கென்றே செய்துவைத்தது போல் இருக்கும். திருத்தங்கள் பத்தைத் தாண்டும்போதுதான் நோட்டு வரைபடம் இல்லாத குறை தெரியும்.

கட்டற்ற மென்பொருளே வேண்டும் என்பவர்களுக்கு கேடன்லைவ் இருக்கிறது. இருண்ட, நடுத்தர, பிரகாசமான பகுதிகளைத் திருத்தும் லிஃப்ட், காமா, கெயின் மூன்றும் உண்டு, நிறங்களை வட்டத்தில் புள்ளிகளாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பும் உண்டு. அடிப்படைத் திருத்தத்துக்கு அது தாராளம்.

எதை எடுத்தாலும் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் பச்சை படிந்த முகமும் இயல்பாகத் தோன்ற ஆரம்பிக்கும். வெக்டர்ஸ்கோப்பில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ஒரு கோடு ஓடும். கறுத்த தோலோ வெளுத்த தோலோ, இயல்பான ஒளியில் எல்லா முகமும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். மாறுவது பெரும்பாலும் வெளிச்சமும் நிறச் செறிவும்தான். கன்னம் மட்டும் தெரியும்படி படத்தைத் தற்காலிகமாக கிராப் செய்துவிட்டுப் பாருங்கள். புள்ளிக்கூட்டம் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

ஒரே வகை விளக்கில் எடுத்த பேட்டி என்றால் நான் பிரீமியரிலேயே முடித்துவிடுகிறேன். அதற்காக இன்னொரு மென்பொருளுக்குப் போவது வீண் அலைச்சல். மேக்கில் தனியாக வேலைசெய்பவர், வேகம்தான் முக்கியம் என்றால் ஃபைனல் கட் போதும். ஜன்னலும் விளக்கும் கலந்த காட்சி, லாக்கில் எடுத்தது, இரண்டு கேமராக்களை ஒன்றோடொன்று பொருத்த வேண்டியது என்றால், எடிட் முடிந்ததும் யோசிக்காமல் ரிசால்வுக்கு எடுத்துச் செல்கிறேன்.