பழைய டொயோட்டா டாஸ்: முன் ஷாக்கை வீட்டில் மாற்றி நெடுநாள் உழைக்க வைப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் புரோஸ்பெக்டன் ஆலையிலிருந்து 2006 வரை வந்த டாஸ் கார், அந்நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் தெருக்களில் இன்னும் ஓடுகிறது. எஞ்சின் சளைக்காது. வேகத்தடையில் ஏறி இறங்கி முன் ஸ்ட்ரட்தான் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) முதலில் தளரும். அதை வீட்டு முற்றத்திலேயே மாற்றலாம். ஆனால் ஷாக்கை மட்டும் புதிதாக வாங்கி, ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டி உடலோடு பிடிக்கும் பழைய ரப்பர் மவுண்டையே திரும்பப் பூட்டினால் பணம் வீண். ரப்பர் வெடித்த மவுண்ட், புது ஷாக்கின் இறுக்கத்தில் இன்னும் சீக்கிரம் கிழியும். பழைய 'டொக் டொக்' சத்தம் திரும்பி வரும். ஆகவே 2 ஷாக், 2 மவுண்ட், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதும் அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்), தூசி உறை எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கடற்காற்று படும் மெரிபேங்க், இசிபிங்கோ வண்டிகளில் வேலை நேரத்தில் பாதி துருவோடு போராடுவதிலேயே போகும். ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பகுதி) பிடிக்கும் 2 போல்ட்டின் மரையையும் முந்தின நாள் மாலையே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கியூ20 (துருவை இளக்கும் ஸ்ப்ரே) அடித்து விடுங்கள். 14, 17, 19 சாக்கெட்டும் நீளமான பாரும் வேண்டும். போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்ப வேண்டும்.

பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சக்கர நட்டுகளைத் தரையிலேயே லேசாகத் தளர்த்தி, பிறகு ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கை நீட்டவே கூடாது. பிரேக் ஹோஸை ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்த பிறகே போல்ட்டுகளைக் கழற்றுங்கள். போல்ட் வந்ததும் நக்கிள் வெளியே சாயும். கம்பியால் கட்டி வைக்காவிட்டால் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் கழன்றுவிடும். பானட்டுக்குள் உள்ள 3 மேல் நட்டைக் கழற்றும்போது கீழே இன்னொருவர் ஸ்ட்ரட்டைத் தாங்கட்டும். நடு நட்டை மட்டும் இப்போது தொடாதீர்கள்.

ஆபத்து ஸ்பிரிங்கில்தான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான கம்ப்ரஸரின் 2 கொக்கியையும் நேரெதிரே மாட்டி, மரைக்குக் கிரீஸ் தடவி, மாறி மாறிச் சில சுற்றுகளாக இறுக்குங்கள். ஸ்பிரிங் தன் இருக்கையில் கையால் அசையும் அளவுக்குத் தளர்ந்த பிறகே நடு நட்டைக் கழற்றலாம். முகத்தை அதற்கு நேரே வைக்கக் கூடாது. கழற்றிய ஸ்பிரிங்கின் கடைசிச் சுருளைப் பாருங்கள். துரு அரித்தோ விரிசல் விட்டோ இருந்தால் அதுவும் மாற்றவேண்டியதுதான்.

புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து 3, 4 முறை மெதுவாக முழுதும் அமுக்கி விடுங்கள். பளபளப்பான தண்டைப் பிளையரால் பிடிக்கவே வேண்டாம்: அந்தக் கீறல் சீலை அறுக்கும், சில மாதத்தில் எண்ணெய் கசியும். 'மட்டமான ஷாக்' என்று குறை கேட்கும் பல இடங்களில் காரணம் இந்தக் கீறல்தான். ஸ்பிரிங் முனை இருக்கையின் படியில் சரியாக அமர வேண்டும். மேல் பேரிங்கில் கிரீஸ் நிரப்பி, மூடியைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று குதிக்கும். நடு நட்டைக் கை ஸ்பானரால் இறுக்குங்கள். சக்கர நட்டுகளைக் குறுக்கு வரிசையில் 103 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, 100 கிலோமீட்டருக்குள் மறுபடி சரிபாருங்கள்.

நெடுநாள் ஓட்டத்தில் கேஸ் ஷாக்தான் (எண்ணெயோடு வாயுவும் நிரப்பியது) மேல். தனியாக ஓட்டினால் வேகத்தடையில் கொஞ்சம் முறுக்காகத் தெரியும். குடும்பத்தோடு மரிட்ஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலை மேட்டில் அந்த முறுக்கே நிதானம் தரும். சக்கர அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) மட்டும் அன்றே செய்துவிடுங்கள். போல்ட் துளையில் உள்ள சிறு இடைவெளியே சக்கரச் சாய்வை மாற்றப் போதும். தள்ளிப்போட்டால் டயரின் ஓரம் தேயும். பழைய ஷாக்கால் அலைஅலையாகத் தேய்ந்த டயர் தொடர்ந்து இரையும், அதற்குப் புது ஷாக்கைக் குறை சொல்ல வேண்டாம். சத்தம் இன்னும் 'டொக்' என்றே இருந்தால் பால் ஜாயின்ட்டையும் கீழ் ஆர்ம் புஷ்ஷையும் பாருங்கள்.