பத்து மணி நேரம் நிற்கும் சைக்கிள்: சென்னை ரயில் நிலைய ஸ்டாண்டுகளில் நீண்டகால அனுபவம்

வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை சைக்கிள், அங்கிருந்து மின்சார ரயில். தாம்பரம், ஆவடிப் பக்கம் ஸ்டேஷனிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிக் குடியிருப்பவர்களுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். ஆனால் சைக்கிள் ஓடுவது தினம் அரை மணி நேரம்தான், ஸ்டாண்டில் நிற்பது பத்து மணி நேரம். பழுதும் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

முதல் எதிரி வெயில். காலையில் கல்லு மாதிரி இருந்த டயர் மாலையில் சப்பையாகக் கிடந்தால் உடனே பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். சாதா சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது வால்டியூப், அதாவது காற்றடிக்கும் வாயில் ஊசி மேல் மாட்டியிருக்கும் ரப்பர். அந்தச் சின்ன ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிப்பு விட்டால் காற்று மெல்ல இறங்கிவிடும். நட்டைக் கழற்றி ஊசியை உருவி, பழைய ரப்பரை வழித்துவிட்டு, ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான புதுத் துண்டைத் தண்ணீரில் நனைத்து ஏற்றுங்கள். ஊசியின் பக்கவாட்டு ஓட்டை முழுக்க மூடியிருக்க வேண்டும். கோடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. ஒரு துண்டு பையில் இருக்கட்டும்.

வெயிலில் டியூப் வெடித்துவிடும் என்று காற்றைக் குறைத்து அடிப்பவர்கள் நிறைய. காலையில் 50 பிஎஸ்ஐ அடித்த டயர் 23 டிகிரி கூடுதலாகச் சூடேறினாலும் 55ஐத்தான் தொடும், அதை டயர் தாராளமாகத் தாங்கும். சூட்டில் விட்டுக்கொடுப்பது பழைய பஞ்சர் ஒட்டு. காற்று குறைவாக இருந்தால் ரோட்டுப் பள்ளத்தில் ரிம் டியூபைக் கடித்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும்.

அடுத்து, நிறுத்தும் முறை. ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவர்கள் இடம் பண்ணச் சைக்கிளைத் தூக்கி நகர்த்துவார்கள். அதனால் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டால் சண்டை வரும், பின் சக்கரப் பூட்டு மட்டும் போதும். வரிசையில் டபுள் ஸ்டாண்டுதான் நிலைக்கும். மழைக்கால மண் தரையில் சைடு ஸ்டாண்டு புதைந்து ஒன்று சாய்ந்தால் வரிசையே சாயும். கியர் சைக்கிளுக்கு இதில் அடி அதிகம். இடப்பக்கம் சாயும் பக்கத்துச் சைக்கிள் நம் வலப்பக்கத்தில் இருக்கும் டிரெய்லரில் (பின் சக்கரத்தில் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) விழுந்து, அதைப் பிடித்திருக்கும் கொக்கியை வளைக்கும். அது தெரியாமல் மேட்டில் பெரிய பல்லுக்கு மாற்றினால் டிரெய்லர் ஸ்போக்கில் சிக்கிச் சக்கரமே நாசம். நிறுத்துமுன் செயினை மிகப் பெரிய பல்லுக்கு ஏற்றுங்கள், டிரெய்லர் உள்வாங்கி நிற்கும்.

ஆளில்லாத இடத்தில் பிரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்து அசையாத கம்பியில் பூட்ட வேண்டும். கையால் திருகிக் கழற்றும் சீட்டு கிளிப்பை எடுத்துவிட்டு நட்டு போல்ட் போடுங்கள்.

புதிதாக ஸ்டாண்டு கட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன் சக்கரத்தை மட்டும் செருகும் கம்பி வரிசை வேண்டவே வேண்டாம். பக்கத்தில் யாராவது இடித்தால் மொத்தப் பாரமும் ரிம்மில் இறங்கிக் கோட்டம் விழுகிறது, பிரேமைப் பூட்டவும் வழியில்லை. தலைகீழ் ‘ப’ வடிவக் குழாய், சுமார் 80 செ.மீ. உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளியில், கான்கிரீட்டில் புதைத்திருந்தால் ஒன்றில் இரண்டு சைக்கிள் நிற்கும். இரண்டடுக்கு ரேக் இடத்தை மிச்சப்படுத்தும், உண்மைதான். ஆனால் சாதா சைக்கிளின் எடை 20 கிலோ வரை இருக்கும். தூக்கிவிடும் ஸ்பிரிங் இல்லாமல் மேலடுக்கு வைத்தால் அது காலியாகத்தான் கிடக்கும்.

இடமும் முக்கியம். ஸ்டாண்டு தண்டவாளத்துக்கு ஒரே பக்கம் இருந்தால் மறுபக்கத்து ஆட்கள் நடைமேம்பாலப் படியில் சைக்கிளைத் தூக்க வேண்டும். இரு பக்கமும் சிறிய ஸ்டாண்டு இருப்பது மேல். முடியாவிட்டால் படியோரம் சக்கரம் உருளச் சிறு பள்ளத்தடம் போடலாம். அதைச் சுவரை ஒட்டிப் போட்டால் பெடலும் ஹேண்டில்பாரும் இடிக்கும், கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். பறக்கும் ரயில் நிலையங்களில் இந்தக் கவலை குறைவு. தண்டவாளமும் நடைமேடையும் உயரத்தில் இருப்பதால் கீழேயே மறுபக்கம் போகலாம், நிழலும் தானாகவே கிடைக்கிறது. திருவான்மியூர் மாதிரி கடல் பக்கத்தில் உப்புக் காற்றுக்கு மட்டும் வாரம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிளை ஸ்டேஷனுக்கு எடுத்துவருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே நிறம், ஒரே மாடல் என்பதால் மாலைக் கூட்டத்தில் மாறிப்போக வாய்ப்பு அதிகம். பெடல் அச்சுக்கு அடியிலோ சீட்டுக் குழாயிலோ பொறித்திருக்கும் பிரேம் நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஹேண்டில்பாரில் சிவப்பு டேப் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஸ்டாண்டுக்காரருக்கும் தேட வசதி.