சிறிய இடத்துக்கு ஏற்ற கடல் கயாக்: எடிலைன் ஸ்கைலார்க்

சியாட்டிலில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்களுக்குக் கயாக் எனும் ஒடுங்கிய துடுப்புப் படகை வாங்குவதில் முதற்சிக்கல் பணமன்று, அதை எங்கே வைப்பது என்பதுதான். வழக்கமான கடல் கயாக் 16, 17 அடி நீளமும் 25 கிலோ அளவில் எடையும் கொண்டது. எங்கள் கார் நிறுத்துமிடச் சுவரோ 13 அடிதான். பல படகுகளை அளந்து பார்த்தபின், 12 அடி நீளமும் 26 அங்குல அகலமும் ஏறத்தாழ 18.5 கிலோ எடையும் உள்ள எடிலைன் ஸ்கைலார்க்கைத் தேர்ந்தெடுத்தேன்.

அக்ரிலிக் மேற்பரப்புள்ள ஏபிஎஸ் என்ற நெகிழித் தகட்டைச் சூடாக்கி வடித்த உடல் என்பதால், இதே நீளமுள்ள பெரும்பாலான பாலிஎத்திலீன் நெகிழிப் படகுகளைவிட இது இலேசானது. இருக்கைக் குழியின் விளிம்பைத் தோளில் சாய்த்து, ஒரு கையால் பற்றிக்கொண்டு, தனியாகவே காரின் கூரைமேல் ஏற்றிவிடுகிறேன். ஐம்பதைக் கடந்த எனக்கு, வாரந்தோறும் நீரில் இறங்குவதா, படகைச் சுவரிலேயே தொங்கவிடுவதா என்பதை முடிவுசெய்வது இதுதான்.

முன்னும் பின்னும் தடுப்புச் சுவர்களும் மூடியுள்ள அறைகளும் இருப்பது மிக முக்கியம்: கவிழ்ந்தாலும் அவற்றில் அடைபட்ட காற்று படகை மிதக்கவைக்கும். சியாட்டிலை ஒட்டி, கோடையிலும் குளிர்ந்திருக்கும் பியூஜெட் சவுண்ட் கடற்கழியில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

நீளம் குறைந்த படகு, நீண்ட படகுகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. சாமான்களும் ஓரிரவுக்கு வேண்டியவைதான் அடங்கும். கரையோர விரிகுடாக்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வடக்கே உள்ள சான் ஹுவான் தீவுகளுக்கிடையே விரைந்தோடும் நீரோட்டங்களைக் கடக்க விரும்புவோர், 14 அடிக்குக் குறையாத படகைப் பார்ப்பது நல்லது.